நகருக்குள் ஒரு பங்கு மண்டபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகருக்குள் இருக்கும் ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் சமூக மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் குழுவில் நான் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு வருபவர்களும், பிள்ளைகளை அனுப்பலாமா என்று யோசிப்பவர்களும், இதற்கு ஏன் இவ்வளவு நேரம் கொடுக்கிறாய் என்று விசாரிக்கும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது பங்கின், அதாவது அந்த ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்க சமூகத்தின், சார்பில் வெளியிடும் அறிக்கை அல்ல. இதிலுள்ள கருத்துகள் என்னுடையவை.

பங்கு மண்டபம் என்பது ஆலயத்தின் ஒரு பகுதிதானே?

காணியும் மதிலும் ஒன்றுதான், பயன்பாடு வேறு. ஆலயம் திருப்பலிக்கும் செபத்துக்கும் உரியது. மண்டபமோ காலையில் முன்பள்ளியாகவும், பிற்பகலில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் இடமாகவும், மாலையில் தையல் வகுப்பாகவோ மாதர் சங்கக் கூட்டமாகவோ மாறிக்கொண்டேயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடைபெறும். மார்கழியில் ஒளிவிழாவுக்கு மேடை கட்டப்படும். அயலில் யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாடும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறவர்களுக்கு ஆலயமே பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு பங்கு தன்னைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ மண்டபத்தை வந்து பார்க்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

நகரில் மண்டபங்களுக்குக் குறைவில்லையே, இது எதற்கு?

திருமண மண்டபங்களுக்குக் குறைவில்லை என்பது உண்மை. குறைவாக இருப்பது, காசு கொடுக்காமலும் காரணம் சொல்லாமலும் ஒருவர் உட்காரக்கூடிய நிழல். நகரத்தில் நின்றால் வெயில், உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டும். நகரத்துக்குள்ளேயே வீடு உள்ளவருக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு நாள் முழுவதும் இதே கவலைதான்.

போதனா வைத்தியசாலை நகரின் மையமான புளியந்தீவில் இருப்பதால் இதை நாங்கள் நாளாந்தம் காண்கிறோம். படுவான்கரையிலிருந்தும், வாகரைப் பக்கத்திலிருந்தும், அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலிருந்தும் நோயாளரைப் பார்க்க வருகிறவர்கள் மதியம் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும்தான் விடுதிக்குள் போக முடியும். இடையிலுள்ள சில மணித்தியாலங்களை எங்கே கழிப்பது? ஊருக்குப் போய்த் திரும்ப பஸ்ஸும் நேரமும் இடம் கொடுக்காது. கடையில் உட்கார்ந்தால் கையிலுள்ள காசு கரைந்துவிடும். எங்கள் மண்டபத்தின் திண்ணையில் கதிரைகளை வெளியே எடுத்துப் போடுவதும், குடிநீரும் மலசலகூடமும் பகல் முழுவதும் திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இவர்களுக்காகத்தான்.

ஒரு முதிய தாய், சோற்றுப் பார்சலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாயிற்கதவுக்கு வெளியே மதிலோரம் குந்தியிருந்தார். உள்ளே வரும்படி கூப்பிட்டபோது, "மகள், இதில கொஞ்சம் இரிக்கலாமா? நாங்க வேதக்காரர் இல்லயே" என்று கேட்டார். நெற்றியிலே திருநீறு இருந்தது. கதிரையில் உட்காரச் சொன்ன பிறகும் விளிம்பிலேயே இருந்தார். தேநீர் கொடுத்தபோது முதலில் எவ்வளவு என்றுதான் கேட்டார். அவருடைய மகன் விடுதியில் இருந்த நாட்களெல்லாம் அதே கதிரைக்கு வந்தார். பின்னொரு நாள், அவர் கேட்ட அதே கேள்வியை வேறொரு பெண் வாசலில் நின்று கேட்க, "வா பிள்ள, இதில ஒண்டும் கேக்கமாட்டாங்க" என்று அவரே பதில் சொன்னதைக் கேட்டேன். மண்டபத்தின் நோக்கத்தைப் பற்றி எங்கள் குழு எழுதி வைத்திருக்கும் நீண்ட பந்தியைவிட அந்த ஒரு வசனம் தெளிவானது.

நகரவாசிகளுக்குத்தான் உறவினர்கள் இருக்கிறார்களே?

இங்கேதான் நமது ஊரின் அமைப்பைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் பெண் வழியாக வருவது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அல்லது தாய் இருந்த வீட்டையே கொடுத்துக் கல்யாணம் முடித்து வைப்பதும், மருமகன் அந்த வீட்டுக்குக் குடிவருவதும் வழக்கம். ஆகவே கிராமத்தில் ஒரு பெண்ணுக்குத் தாயும் பெரியம்மாவும் அக்கா தங்கைகளும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலியருகே நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வேலை இடமாற்றத்துக்காகவோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ நகரத்தில் வாடகை வீட்டுக்கு வருகிற குடும்பத்தில், கணவனைவிட மனைவிதான் அதிகமாக இழக்கிறாள். ஏனெனில் தன் வீட்டை விட்டுப் போய் வாழும் பழக்கம் நமது ஆண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு, பெண்களுக்கு இல்லை.

எங்கள் முன்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் இளம் தாய்மார்களில் சிலர் வகுப்பு முடியும் வரை வீட்டுக்குப் போகாமல் படிக்கட்டிலேயே இருந்து கதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிலர் குறைசொன்னதுண்டு. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. எந்த மருந்தகத்தில் இரவில் ஆள் இருக்கும், வீட்டுக்காரர் முற்பணம் திருப்பித் தராவிட்டால் யாரிடம் போவது, நுண்கடன் கொடுக்க வருகிறவர்களை எப்படி அனுப்புவது என்பதையெல்லாம் அவர்கள் அந்தப் படிக்கட்டில்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள்.

பிற்பகல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலரின் தாய்மார் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்கள். அம்மம்மாவோடு இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டிலோ அன்பிலோ குறைவில்லை. கொப்பியைத் திறந்து பார்க்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரித்தல் கணக்கில் மீதியை எப்போதும் எழுதாமல் விட்டுவிடுவான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அவன் பென்சிலை எடுத்து வைக்கும் நேரத்தில் "மிச்சம் எங்கே?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பட்டம் பெற்ற ஆசிரியர் தேவையில்லை, நேரமுள்ள பெரியவர் ஒருவர் போதும். ரியூசன் வகுப்பில் நூறு பேருக்கு நடுவே இது கிடைக்காது.

கிறிஸ்தவர்கள் மட்டும்தான் வரலாமா? மதம் மாற்றும் நோக்கம் இருக்கிறதா?

யாரும் வரலாம். மட்டக்களப்பு மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் எல்லாப் பிரிவினரையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவானவர்கள். பெரும்பான்மையினர் இந்துக்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். எங்கள் முன்பள்ளியிலும் வகுப்பிலும் இந்தக் கலப்பு அப்படியே தெரிகிறது.

இரண்டாவது கேள்வியைக் கோபப்படாமல் கேட்டு, கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில் உதவி என்ற பெயரில் வந்து பின்னர் நிபந்தனை போட்டவர்களைச் சந்தித்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. எங்கள் வகுப்பில் தொடக்கத்தில் ஒரு நிமிட அமைதி உண்டு, செபம் இல்லை. மறைக்கல்வி ஞாயிற்றுக்கிழமை தனியாக நடக்கிறது. கத்தோலிக்கப் பெற்றோரின் பிள்ளைகளுக்கே அது. உதவி பெறுகிறவரிடம் ஆலயத்துக்கு வாருங்கள் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் குழுவின் ஒழுங்கு. திருச்சபையின் போதனையும் இதற்கு மாறானதல்ல: சமயச் சுதந்திரம் பற்றி 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, சமய விடயத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று திட்டவட்டமாகக் கூறுகிறது. பசித்தவருக்குக் கொடுக்கும் சோற்றோடு வேறு எதையும் சேர்த்துக் கொடுப்பது நற்செய்திக்கே அவமானம் என்று நான் நம்புகிறேன்.

இந்தப் பணிகள் எப்போது தொடங்கின?

எங்கள் மண்டபம் பழையதல்ல. ஆனால் அதற்குப் பின்னால் நகரத்தின் நீண்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் 1814இல் இங்கு வந்தார், 1815இல் இறந்துபோனார். அந்தச் சில மாதங்களுக்குள் அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. 1940களில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் பாடசாலையோடு நின்றுவிடாமல் தொழிற்பயிற்சி, விளையாட்டு என்று நகரத்துக்குள் இறங்கினார்கள். வெபர் மைதானத்தில் விளையாடுகிறவர்கள் அருட்தந்தை ஹரோல்ட் வெபரின் பெயரைத்தான் தினமும் சொல்கிறார்கள். கூடைப்பந்தை இந்த ஊரின் விளையாட்டாக்கிய அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில், தன்னோடு வந்த தமிழ் இளைஞனுடன் காணாமற்போனார். அருட்தந்தை ஹரி மில்லர், போர்க்காலத்தில் பிள்ளையைத் தேடி அலைந்த பெற்றோர் சொல்வதைக் கேட்டு எழுதிப் பதிவுசெய்து வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த முன்னுதாரணம் வண்ணத்துப்பூச்சி பூங்கா. 1996இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து அதை நகரில் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை ஒன்றாக அழைத்துவந்து, களிமண், வர்ணம், நாடகம், கதை என்று அவர்கள் விளையாடுவதற்கு ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். பிள்ளைகளிடம் சமாதானத்தைப் பற்றிப் பேச்சு நடத்தாமல், சமாதானமாக இருப்பதற்கு ஒரு வளவைக் கொடுத்தார்கள் என்பதே நான் அதிலிருந்து கற்றது. எங்கள் வகுப்பில் பிள்ளைகளை இனம் பார்த்தோ ஊர் பார்த்தோ பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று நாங்கள் விடாப்பிடியாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2019க்குப் பிறகு வாயிற்கதவைப் பூட்டி வைக்க வேண்டியதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று காலை சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்திருந்த பிள்ளைகள் அங்கே நின்றார்கள். கொல்லப்பட்டவர்களில் பலர் சிறுவர்கள். அது எங்கள் சபை அல்ல என்றாலும், ஒரே நகரம். அந்தப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு ஒரே பாடசாலைகளில் படித்தவர்கள்.

அதன் பின்னர் நகரத்திலுள்ள எல்லா ஆலயங்களிலும் பொலிஸ் காவல், பைகளைச் சோதித்தல், அடையாள அட்டை என்று வந்தது. எங்கள் பங்கில் மண்டபத்தைக் கிழமை நாட்களிலும் பூட்டி வைக்க வேண்டும், தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விட வேண்டும் என்று பெற்றோரில் ஒரு சாரார் கேட்டார்கள். கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "என் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் உங்கள் திறந்த கதவு எனக்கு என்ன பதில் சொல்லும்?" என்று கேட்டபோது எவராலும் பேச முடியவில்லை. அவருடைய பயத்தை விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

முடிவில் நாங்கள் ஒரு நடு வழிக்கு வந்தோம். திருப்பலி நேரங்களிலும் பெருநாட்களிலும் பொலிஸாரின் ஒழுங்குகள் முழுமையாகப் பின்பற்றப்படும். முன்பள்ளிப் பகுதிக்குத் தனி வேலியும் தனிப் படலையும் போடப்பட்டன. அது பூட்டியே இருக்கும். மற்றப்படி, கிழமை நாட்களில் முன்வாயிற்கதவின் ஒரு பாதி திறந்திருக்கும், அதன் அருகே எப்போதும் ஒருவர் கதிரை போட்டு இருப்பார். அவர் காவலாளி அல்ல. வருகிறவருக்கு வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறவர். ஓய்வுபெற்றவர்கள் முறை வைத்து இதைச் செய்கிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் முகம் பார்த்துப் பேசுவதால் கிடைக்கும் பாதுகாப்பு பூட்டினால் கிடைப்பதைவிட அதிகம் என்பது என் கருத்து. ஆனால் இருக்க ஆள் கிடைக்காத நாட்களில் கதவைப் பூட்டிவிட வேண்டும் என்பதையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்த ஆண்டில் எங்கள் ஆங்கில வகுப்புக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எவரும் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவில் விழும் பார்வைகளே போதுமானவையாக இருந்தன. ஆசிரியையாகிய அருட்சகோதரி அவர்களின் வீடுகளுக்குத் தானே போனார், வகுப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல் நலம் விசாரித்துவிட்டு வந்தார், பிறகு மீண்டும் போனார். பிள்ளைகள் திரும்பி வரப் பல மாதங்கள் எடுத்தன. எல்லோரும் திரும்பி வரவில்லை.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி மண்டப வாடகையிலிருந்தும் பங்கு மக்களின் காணிக்கையிலிருந்தும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் நினைவாக அனுப்புவதும் உண்டு. திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்க வேண்டும். எங்கள் கணக்குகள் அந்தக் குழுவுக்குப் போகின்றன.

இதில் ஒரு இழுபறி எப்போதும் இருக்கிறது. திருமணப் பதிவு வந்தால் அலங்காரத்துக்காக முந்தைய நாளே மண்டபத்தைக் கொடுக்க வேண்டும். அன்று பிள்ளைகளின் வகுப்பு நின்றுவிடும். வாடகை இல்லாவிட்டால் மின்கட்டணம் கட்ட முடியாது என்பார்கள், அதுவும் சரிதான். ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தைய மாதத்தில் கிழமை நாட்களுக்குப் பதிவு எடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்று, அது இப்போது ஒழுங்காகிவிட்டது.

இளைஞர்கள் வருகிறார்களா?

கூடைப்பந்துக் கம்பம் இருப்பதால் வருகிறார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. அவர்களைக் குறைசொல்வதை நான் நிறுத்திவிட்டேன்: சாதாரண தரமும் உயர்தரமும் ரியூசனும் அவர்களின் மாலை நேரத்தை எடுத்துக்கொண்டன, மிச்ச நேரத்தில் அவர்கள் விளையாட விரும்புவது நியாயம். கரோல் பயிற்சிக்கும், ஆவணி கடைசியில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலத்துக்கு நடைபயணம் போகிறவர்களுக்குத் தண்ணீர் ஒழுங்கு செய்வதற்கும் அவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

வெள்ளம், அனர்த்தம் என்று வந்தால் மண்டபம் என்ன செய்கிறது?

கார்த்திகை முதல் தை வரை நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். வடகீழ்ப் பருவமழை இறுகினால் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் நிற்கும். பிரதேச செயலகமும் கிராம உத்தியோகத்தரும் கேட்கும்போது மண்டபம் இடைத்தங்கல் முகாமாகிவிடும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட முதியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடி, டச்பார், திருச்செந்தூர் ஆகிய கரையோரப் பகுதிகளில் சுனாமியிலிருந்து தப்பியவர்கள் நகரத்தை நோக்கி ஓடி வந்தபோது, ஆலயங்களும் பாடசாலைகளும் கோயில்களும் ஒரே நாளில் நிரம்பின.

அனுபவத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: முதல் நாளில் சமைத்த சோறு தேவை, இரண்டாம் நாளிலிருந்து பெண்களுக்கு உடை மாற்ற மறைப்பும் இரவில் வெளிச்சமுள்ள மலசலகூடமும் தேவை. உலர் உணவு கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர்; மின்குமிழும் தடித்த திரைத்துணியும் கொண்டுவருகிறவர்கள் குறைவு. 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமல் நாடு நின்றபோது, விறகு அடுப்பும் பெரிய கிடாரமும் நம்மிடம் இருந்ததால்தான் அயலிலுள்ள முதியவர்களுக்குத் தொடர்ந்து சமைக்க முடிந்தது. எரிவாயு அடுப்பு வந்த பிறகு கிடாரத்தை விற்றுவிடலாம் என்று சொன்னவர்களைத் தடுத்த மாதர் சங்கப் பெண்களுக்கு இந்த அயல் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

மண்டபத்தில் நீங்கள் காணும் குறைகள் என்ன?

சமைப்பது, கூட்டுவது, பிள்ளைகளைப் பார்ப்பது பெண்கள். தீர்மானம் எடுக்கும் மேசையில் பெரும்பாலும் ஆண்கள். கிடாரத்தின் கதையை மேலே சொன்னேன். அந்த முடிவைச் சரியாக எடுத்தவர்களில் ஒருவர்கூட அப்போது குழுவில் இருக்கவில்லை. சாதியும் மதிலுக்கு வெளியே நின்றுவிடவில்லை. யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போகிறார்கள் என்பதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இதை மறைமாவட்டக் கூட்டங்களில் பொதுவாகப் பேசுவதோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு பங்கிலும் பெயர் சொல்லிப் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்தி வருகிறேன்.

இன்னொன்று, மண்டபத்துக்கு ஏறும் படிகள். 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் உள்ளே செல்ல வசதி இருக்க வேண்டும் என்கின்றன. எங்களிடம் இருந்தது ஒரு மரப்பலகை. சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றும்போது, தூக்குகிறவர்கள் புண்ணியம் செய்த முகத்தோடு நிற்பார்கள். தூக்கப்படுகிறவர் தலையைக் குனிந்துகொள்வார். இப்போது மேற்குப் பக்கத்தில் சீமெந்துச் சாய்தளம் போடும் வேலை தொடங்கியிருக்கிறது. சரிவு செங்குத்தாக இருக்கிறது, இன்னும் நீளமாக்க வேண்டும் என்று சக்கர நாற்காலியில் வரும் அவரே அளந்து சொன்னதால், பூச்செடிகள் இருந்த பாத்தியை எடுத்துவிட்டு நீட்டிக்கொண்டிருக்கிறோம்.